ஒரே வீட்டுக் குரல்கள்

ராக் இசை பிறந்த 1950களிலிருந்தே உடன்பிறந்தவர்கள் சேர்ந்து நடத்திய குழுக்கள் அதில் உண்டு. எவர்லி சகோதரர்கள், பீச் பாய்ஸ், கிங்க்ஸ், கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், ஏசி/டிசி, ஹார்ட், வான் ஹேலன், ஒயாசிஸ் என்று வரிசை நீளும். இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டைதான் முதலில் வரும். மேடையில் உடைந்த கிதார், பாதியில் நின்ற கச்சேரி, ஆண்டுக்கணக்கில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத வீம்பு. சண்டைகள் நடந்தது உண்மைதான். அவற்றைப் பத்திரிகையில் படிப்பதைவிட இசைத்தட்டில் கேட்பது நல்லது. வீட்டில் யார் மூத்தவர், யார் செல்லப்பிள்ளை, யார் சொல்லுக்கு யார் அடங்கினார் என்பதெல்லாம் குழுவுக்குள் வந்ததும் யார் பாட்டு எழுதுவது, யார் பாடுவது, யாருடைய கிதார் முன்னால் ஒலிப்பது என்ற ஏற்பாடாக மாறிவிடும். அந்த ஏற்பாடு ஒலிநாடாவில் அப்படியே பதிந்தும் விடும். காது கொடுத்தால் கேட்கலாம்.

முதலில் குரல். டான் எவர்லி 1937-லும், ஃபில் எவர்லி 1939-லும் பிறந்தவர்கள். தந்தை ஐக் எவர்லி கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்து கிதார் கலைஞரானவர். ஐயோவா மாநிலத்தின் ஷெனன்டோவா ஊர் வானொலியில் குடும்பமே சேர்ந்து பாடிய நிகழ்ச்சியில், பிள்ளைகள் இருவரும் சிறுவயதிலேயே மைக்கின் முன் நின்றுவிட்டார்கள். 1957-ல் ‘பை பை லவ்’, ‘வேக் அப் லிட்டில் சூசி’, அடுத்த ஆண்டு ‘ஆல் ஐ ஹேவ் டு டூ இஸ் ட்ரீம்’ என்று வரிசையாக வெற்றி கண்டார்கள். முதல் இரண்டையும் எழுதித் தந்தவர்கள் ஃபெலீஸ், பூட்லோ பிரையன்ட் என்ற கணவன் மனைவி. மூன்றாவது பூட்லோ மட்டும் எழுதியது. பாட்டு இரவல்தான். அதைப் பாடிய விதம் முழுக்க எவர்லி வீட்டுச் சொத்து.

அவர்கள் பாடும் முறையை எளிதாகச் சொல்லிவிடலாம். டான் கீழே மெட்டைப் பிடிப்பார். ஃபில் அதற்கு மேல் மூன்றாம் சுர இடைவெளியில் கூடவே நடப்பார். அண்ணன் ‘ச’வில் நின்றால் தம்பி ‘க’வில் நிற்பார். இப்படிப் பாடும் இரட்டையர்கள் அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஏற்கெனவே ஏராளம். எவர்லிகளிடம் வேறாக இருப்பது, இரண்டு குரல்களுக்கும் நடுவே இடுக்கே தெரியாத ஒட்டுதல். உடன்பிறந்தவர்களின் தொண்டை, அண்ணம், மூக்கறை அமைப்பு ஒத்திருப்பதால் குரலின் நிறம் ஒத்துப்போகிறது. அதற்கும் மேலாக, ஒரே வீட்டில் பேசக் கற்றவர்கள் உயிரெழுத்தை ஒரே அளவில் திறக்கிறார்கள், சொல்லின் கடைசி மெய்யை ஒரே நொடியில் மூடுகிறார்கள், மூச்சையும் ஒரே இடத்தில் எடுக்கிறார்கள். ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும், சைமனும் கார்ஃபங்கலும் எவர்லிகளைக் கேட்டுக் கேட்டுத்தான் சேர்ந்து பாடப் பழகினார்கள். எவ்வளவு பழகியும் அந்த ஒட்டுதல் மட்டும் அவர்களுக்கு முழுதாக வாய்க்கவில்லை.

1960-ல் வந்த ‘கேத்தீஸ் கிளவுன்’ பாட்டின் தொடக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக் கேட்க வேண்டும். இங்கே வழக்கமான இணைநடை இல்லை. டானின் குரல் படிப்படியாகக் கீழே இறங்க, ஃபில் உச்சியில் ஒரே சுரத்தைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறார். சேர்ந்து தொடங்கிய இருவரும் ஒவ்வொரு சொல்லுக்கும் விலகிக்கொண்டே போகிறார்கள். இடைவெளி கூடக் கூட இறுக்கமும் கூடுகிறது. இங்கிலாந்தில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு இது. பீட்டில்ஸின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ இதே உத்தியைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டது. இந்தப் பாட்டே பின்னாளில் வழக்குக்கும் காரணமாயிற்று. இருவர் பெயரிலும் வெளிவந்த பாட்டுக்கு, 1980-ல் டான் கேட்டுக்கொண்டபடி ஃபில் தன் உரிமையை விட்டுக் கையெழுத்திட்டார். ஃபில் மறைந்த பிறகு அவருடைய வாரிசுகளுக்கும் டானுக்கும் இடையே அது நீதிமன்றம் வரை போனது.

இந்த ஒட்டுதலுக்கு இருவரும் கொடுத்த விலை பெரியது. தனிவரி வரும் இடங்களில் பெரும்பாலும் டானே பாடினார். ஃபில் அண்ணனின் உதட்டைப் பார்த்தபடி, அவர் எங்கே நீட்டுவார், எங்கே வெட்டுவார் என்று கணித்துப் பாட வேண்டியிருந்தது. பள்ளிப் பருவம் தொட்டு ஒருவர் மூச்சை ஒருவர் பின்தொடர்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தனித்தனி வாழ்க்கை எளிதில் அமையவில்லை. 1973 ஜூலை 14 அன்று கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில், டான் போதையில் வரிகளைத் தவறவிட, ஃபில் தன் கிதாரைத் தரையில் அடித்து உடைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். அன்று மிச்சமிருந்த கச்சேரியை டான் தனியாகவே முடித்தார். பத்தாண்டு கழித்து, 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மீண்டும் சேர்ந்து நின்றார்கள். அந்தக் கச்சேரிப் பதிவில் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. ஒட்டுதல் அப்படியே இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் ஹாத்தோர்ன் ஊரில் பீச் பாய்ஸைத் தொடங்கிய வில்சன் சகோதரர்களின் கதை வேறு மாதிரி. பிரையன், டெனிஸ், கார்ல் மூவரும் ஒரே அறையில் படுத்துறங்கியவர்கள். மூத்தவர் பிரையன் அந்த அறையிலேயே தம்பிகளுக்கு ஹார்மனி சொல்லிக்கொடுத்தார். 1963-ன் ‘இன் மை ரூம்’ பாட்டின் முதல் வரிகளில் அந்த மூன்று குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைக் கேட்கலாம். ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தில் தான் எழுதியவற்றில் மிகச் சிறந்ததான ‘காட் ஒன்லி நோஸ்’ பாட்டைப் பிரையன் கடைசித் தம்பி கார்லிடம் கொடுத்துப் பாடவைத்தார். பீச் பாய்ஸைப் பிய்த்த பூசல்கள் பெரிதும் தந்தை மர்ரியிடமிருந்தும், அத்தை மகன் மைக் லவ்விடமிருந்தும் வந்தவை. 1969-ல் மகனுடைய பாட்டுகளின் உரிமையைத் தந்தை 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அண்ணன் தம்பிப் போட்டி என்று பார்த்தால் இங்கே சொல்ல அதிகமில்லை.

போட்டியின் முழு விளைச்சலும் கிடைப்பது வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில்லில். அங்கே ஆறு அக்காமார்களுக்குப் பின் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் ரே டேவிஸும் டேவ் டேவிஸும். ரே 1944, டேவ் 1947. அந்த வீட்டின் முன்னறையில் ஒரு பியானோ இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் அதைச் சுற்றிக் குடும்பமே பாடும். ரேயின் 13-ஆவது பிறந்தநாளுக்கு அக்கா ரெனி ஒரு ஸ்பானிய கிதார் வாங்கிக் கொடுத்தார். இதய நோயாளியான அவர் அன்றிரவே லைசியம் நடன அரங்கில் ஆடிக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். ரே அதன்பின் தனக்குள் ஒடுங்கிய பிள்ளையானார். டேவ் எதற்கும் அஞ்சாத துடுக்குப் பிள்ளை. கிங்க்ஸ் குழுவின் முப்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இந்த இரண்டு சுபாவங்களின் மேல்தான் நின்றது.

1964-ல் வந்த ‘யூ ரியலி காட் மீ’ பாட்டை இருவரும் எப்படிப் பங்கிட்டார்கள் என்று பார்ப்பது பயன் தரும். ரே அதை முன்னறைப் பியானோவில் உட்கார்ந்து எழுதினார். ஜாஸ், ப்ளூஸ் சாயலில் நிதானமாகப் போகும் மெட்டு அது. டேவிடம் பச்சை நிறத்தில் ஒரு சின்ன, மலிவான ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதன் ஒலி பிடிக்காமல் சவரப் பிளேடை எடுத்து ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக் கீறினார். கிழிந்த கூம்பு அதிரும்போது ஒலியோடு ஒரு கரகரப்பும் நடுக்கமும் சேர்ந்துகொண்டது. அந்த ஆம்பை வாக்ஸ் ஏசி30 என்ற பெரிய ஆம்பில் இணைத்து ஒலியைப் பெருக்கினார். அண்ணன் பியானோவில் அமைத்த மெட்டு, தம்பியின் கிழிந்த ஸ்பீக்கர் வழியாக வந்தபோது இன்னொன்றாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சுரக்கட்டுகளை ஓங்கி ஓங்கி அடிக்கும் அந்த ரிஃப், பின்னால் வந்த ஹெவி மெட்டலுக்கும் பங்க் இசைக்கும் விதை போட்டது.

முதலில் பதிவான வடிவம் மெதுவானது, எதிரொலி பூசியது. ரேக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி பதிவு செய்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்து ஜூலையில் ஐபிசி ஒலிப்பதிவுக் கூடத்தில் திரும்பப் பதிவு செய்தார்கள். பாட்டின் நடுவில் கிதார் சோலோ தொடங்கும் இடம் எப்போது கேட்டாலும் திகைக்கவைக்கும். 17 வயதுப் பையன் தடுமாறிக்கொண்டே ஓடுகிறான், ஓட்டம் மட்டும் நிற்பதில்லை. அதை வாசித்தவர் ஜிம்மி பேஜ்தான் என்று நெடுங்காலம் ஒரு வதந்தி உலவியது. வாசித்தவர் டேவ். செப்டம்பரில் பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. தட்டில் பாட்டாசிரியர் என்று ரேயின் பெயர் மட்டும் அச்சாயிற்று. சட்டப்படி அது சரி. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது மெட்டையா, அந்தக் கரகரப்பையா? இருவருக்குள்ளும் ஐம்பதாண்டு ஓயாத வழக்கு இதுதான். கேட்கிறவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அவசியம் இல்லை. அந்த ரிஃப் ரே இல்லாமல் பிறந்திருக்காது, டேவ் இல்லாமல் கர்ஜித்திருக்காது.

1966-க்குப் பிறகு ரேயின் எழுத்து மென்மையான பக்கம் திரும்பியது. லண்டன் தெருக்கள், நடுத்தரக் குடும்பங்கள், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்ட அக்கா ரோஸ் என்று அவருடைய உலகம் விரிந்தது. ‘டூ சிஸ்டர்ஸ்’ என்ற பாட்டில், வீட்டு வேலையில் புதைந்த ஒருத்தியும் இஷ்டத்துக்குச் சுற்றித் திரியும் அவள் சகோதரியும் வருகிறார்கள். அப்போது ரே மனைவி, குழந்தை என்று இருந்தார். டேவ் இரவெல்லாம் விருந்துகளில் இருந்தார். பெண்களாக வேடம் மாற்றி எழுதப்பட்டவர்கள் யார் என்பது கிங்க்ஸ் ரசிகர்களுக்குத் தெரியும். பொறாமையைத் திட்டாமல் எழுதிய பாட்டு அது, பொறாமைப்படுகிற பாத்திரம் ரே என்பதால் அதில் நேர்மையும் இருக்கிறது.

‘வாட்டர்லூ சன்செட்’டில் டேவின் பங்கு இன்னும் நுட்பமானது. கிதார் ஒலியை ஒலிநாடா எதிரொலியில் நனைத்து, 1950களின் கிதார்களை நினைவூட்டும்படி வாசித்திருக்கிறார். ரேயின் குரலுக்குப் பின்னால் டேவும், ரேயின் மனைவி ராசாவும், பேஸ் வாசித்த பீட் குவைஃபும் உயர்ந்த குரலில் சேர்ந்து பாடுகிறார்கள். அண்ணனின் குரல் தனிமையைப் பேசும்போது பின்னால் குடும்பமே நிற்கிறது. முன்னறைப் பியானோவின் சனிக்கிழமை இரவு இந்தப் பாட்டில் இருக்கிறது. டேவுக்கும் 1967-ல் ‘டெத் ஆஃப் எ கிளவுன்’ என்ற தனிப்பாட்டு இங்கிலாந்தில் மூன்றாம் இடம் வரை போனது. ஆனாலும் குழுவில் அவருடைய இடம் தம்பி இடமாகவே இருந்தது. 1990களின் நடுவில் குழு ஓய்ந்தது. 2004 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் திருடனைத் துரத்திப் போன ரே காலில் சுடப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் டேவுக்குப் பக்கவாதம் வந்தது. கிதார் வாசிப்பை முதலிலிருந்து பழகி மீண்டார். 2015 டிசம்பர் 18 அன்று லண்டன் இஸ்லிங்டனில் டேவ் நடத்திய கச்சேரியின் முடிவில் ரே மேடையேறினார். ஏறக்குறைய இருபதாண்டுக்குப் பின் இருவரும் சேர்ந்து செய்த பாட்டு ‘யூ ரியலி காட் மீ’.

டேவிஸ் வீட்டில் அண்ணன் கையில் அதிகாரம் இருந்தது. கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோ ஊர் ஃபோகர்டி வீட்டில் அது தம்பி கைக்கு மாறியது. அந்த மாற்றத்தைக் குடும்பம் தாங்கவில்லை. டாம் ஃபோகர்டி 1941, ஜான் ஃபோகர்டி 1945. பின்னாளில் கிரீடன்ஸ் ஆன குழு முதலில் டாமின் பெயரில்தான் இருந்தது, பாடியவரும் அவரே. பிறகு ஜானின் தொண்டையிலிருந்து அந்த முரட்டுக் குரல் வெளிப்பட்டதும், டாம் தானாகவே பின்னுக்கு நகர்ந்து ரிதம் கிதாரை எடுத்துக்கொண்டார். மூத்தவர் ஒருவர் அப்படி இடம்விட்டது ராக் இசையில் அபூர்வம். கிரீடன்ஸின் அசையாத நடைக்கு டாமின் ரிதம் கிதார் பெரிய காரணம். அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

‘பிரவுட் மேரி’யை இந்தப் பின்னணியோடு கேட்டால் மனம் கனக்கும். மற்றவர்களின் பின்னணிக் குரல்கள் சரியாக அமையவில்லை என்று முடிவு செய்த ஜான், எல்லாக் குரல்களையும் தானே பாடி ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். அதனால் குழுவுக்குள் பெரிய சச்சரவு மூண்டது. அந்த ஹார்மனி அழகானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரே மனிதர் தன்னோடு தானே பாடியது. உடன்பிறந்தவரின் தொண்டை சில அடி தூரத்தில் இருந்தும் நாடாவில் அதற்கு இடமில்லை. எவர்லிகளைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் வித்தியாசம் உடனே புலப்படும்: அங்கே இரண்டு பேர் ஒருவராகக் கேட்கிறார்கள், இங்கே ஒருவர் பலராக நிற்கிறார். 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள் வெளியிட்ட குழுவை 1971 தொடக்கத்தில் டாம் விட்டு விலகினார். அடுத்த ஆண்டு குழுவே கலைந்தது. பதிவு நிறுவனத்துடன் ஜானுக்கு மூண்ட நீண்ட தகராறில் டாம் நிறுவனத்தின் பக்கம் நின்றார். 1990-ல் அவர் இறக்கும்வரை இருவரும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை.

போட்டியால் மூச்சுமுட்டாமல் வாழ்ந்த வீடுகளும் உண்டு. வான் ஹேலன் வீட்டில் தம்பி எடி டிரம்ஸ் வாங்கி, அதன் தவணையைக் கட்டப் பத்திரிகை போடப் போன நேரத்தில் அண்ணன் அலெக்ஸ் அதை வாசித்துப் பழகி மிஞ்சிவிட்டார். எடி கோபித்துக்கொண்டு அண்ணனின் கிதாரை எடுத்தார். ராக் கிதாரின் போக்கையே மாற்றிய கலைஞர் அப்படித்தான் கிதாருக்கு வந்தார். ஹார்ட் குழுவின் ஆன் வில்சன், நான்சி வில்சன் சகோதரிகளைப் பற்றி விளம்பரத்துக்காகப் பரப்பப்பட்ட ஆபாசமான புரளியே 1977-ன் ‘பராகுடா’ பாட்டுக்குக் காரணம். அக்காவின் சினம் குரலிலும், கூடவே பாயும் கிதார்களிலும் கொதிக்கிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்து 1963-ல் சிட்னிக்குக் குடிபெயர்ந்த யங் குடும்பம் இவர்களில் தனி ரகம். அண்ணன் ஜார்ஜ் யங், ‘ஃப்ரைடே ஆன் மை மைண்ட்’ பாடிய ஈஸிபீட்ஸ் குழுவில் புகழ்பெற்றுவிட்டவர். அவருடைய மேற்பார்வையில் மால்கமும் அங்கஸும் 1973-ல் ஏசி/டிசியைத் தொடங்கினார்கள். ஜார்ஜ் தன் நண்பர் ஹாரி வாண்டாவோடு சேர்ந்து தொடக்க ஆல்பங்களைத் தயாரித்தார். அங்கஸுக்குப் பள்ளிச் சீருடை போடும் யோசனை அக்கா மார்கரெட்டினுடையது. மேடையில் ஓடியாடி எல்லோர் கண்ணையும் கட்டிப்போடுபவர் அங்கஸ். குழுவின் தலைவர், பின்னால் ஆம்ப் பக்கத்தில் நின்ற மால்கம்.

இவர்களின் இரட்டைக் கிதாரை ஹெட்ஃபோனில் கேட்பதே சரி. இரண்டும் இரண்டு காதுகளுக்குப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். மால்கமின் கிரெட்ச் கிதாரில் பாலத்தை ஒட்டிய ஒரே பிக்கப் மட்டும் வேலை செய்யும். கம்பிகள் தடிமனானவை. ஆம்பில் கரகரப்பை அதிகம் ஏற்றமாட்டார். அதனால் ஒவ்வொரு கட்டையும் தெளிந்து, கம்பிகள் தனித்தனியாகக் கேட்கும்படி விழும். அங்கஸின் கிப்சன் எஸ்ஜி அதைவிடத் தடித்த, நீளும் ஒலி. ‘பேக் இன் பிளாக்’ ரிஃப்பில் இருவரும் ஒன்றாக அடித்து, ஒன்றாகவே நிறுத்துகிறார்கள். அந்த நிறுத்தங்களுக்குள் விழும் மௌனம்தான் பாட்டின் உயிர். இரண்டு கிதார்கள் மயிரிழை பிசகாமல் சேர்ந்து நிற்பது பயிற்சியால் வரும்தான். இத்தனை அலட்டிக்கொள்ளாமல் வருவதற்குச் சிறுவயதிலிருந்து ஒரே அறையில் வாசித்திருக்க வேண்டும். மால்கம் மறதிநோயால் 2014-ல் விலகினார், அவர் இடத்துக்கு அண்ணன் மகன் ஸ்டீவி வந்தார். 2017 அக்டோபரில் ஜார்ஜும், அடுத்த மாதம் மால்கமும் காலமானார்கள். 2020-ல் வந்த ‘பவர் அப்’ ஆல்பத்தின் 12 பாட்டுகளும் அங்கஸும் மால்கமும் முன்னரே சேர்த்துவைத்த ரிஃப்களிலிருந்து உருவானவை. பன்னிரண்டிலும் அங்கஸ் யங், மால்கம் யங் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

கடைசியாக, அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து மான்செஸ்டரின் பர்னேஜ் பகுதியில் வளர்ந்த கலகர் சகோதரர்கள். நோயல் 1967, லியம் 1972. ஒயாசிஸில் முதலில் இருந்தவர் லியம். வேறொரு குழுவுக்கு உதவியாளராகச் சுற்றிக்கொண்டிருந்த நோயல் பிறகு வந்து சேர்ந்தார், பாட்டெழுதும் பொறுப்பு முழுதும் அவரிடம் போனது. அண்ணன் தன் மனத்தில் இருப்பதை எழுதுவார், தம்பி அதைத் தன்னுடையதாகப் பாடுவார். நோயலின் வரிகளில் பல வெறும் ஓசைக்காக வந்தவை. உயிரெழுத்தை மூக்கில் ஏற்றி இழுத்து, கைகளைப் பின்னால் கட்டி, மைக்கை அண்ணாந்து பார்த்தபடி லியம் பாடும்போது அதே வரிகள் சவாலாக மாறிவிடும். இந்த ஏற்பாட்டில் ஒருவர் இல்லாமல் மற்றவர் அரைகுறைதான். அது இருவருக்கும் தெரிந்திருந்ததால்தான் இவ்வளவு எரிச்சல். 1995-ல் வேல்ஸின் ராக்ஃபீல்டில் ஆல்பம் பதிவானபோது கிரிக்கெட் மட்டையால் அடிதடி நடந்தது. 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் மேடையேறும் முன் கிதார் உடைந்து குழுவும் உடைந்தது.

எவர்லிகள் போல இவர்கள் குரலை ஒட்டிப் பாடுவதில்லை. பாட்டைக் கூறுபோட்டுக்கொள்வார்கள். அதற்கு மிகச் சிறந்த சான்று ‘அக்வியெஸ்’. சரணத்தை லியம் பாடுகிறார்: நெருக்கமான, கடுகடுப்பான, கீழ்நிலைக் குரல். பல்லவி வந்ததும் அண்ணன் பாட்டைப் பிடுங்கிக்கொள்கிறார். நோயலின் குரல் மெல்லியது, உயரத்தில் திறந்துகொள்வது. இறுகிய அறையில் சட்டென்று ஜன்னல் திறந்தது போலிருக்கும். ஒருவருக்கொருவர் தேவை என்ற பொருள்பட வரும் பல்லவி அது. தங்களைப் பற்றி எழுதியதல்ல என்று நோயல் மறுத்திருக்கிறார். அவர் மறுக்கலாம், குரல்கள் இடம் மாறும் அந்த நொடி மறுக்கவிடாது.

இத்தகைய பாட்டை ஒயாசிஸ் 1995 ஏப்ரலில் ‘சம் மைட் சே’ சிங்கிளின் பின்பக்கத்தில் வைத்து வெளியிட்டது. ஆல்பத்தில் அதற்கு இடம் தரவில்லை. 16 ஆண்டு பிரிவுக்குப் பின் 2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரில் இருவரும் மீண்டும் சேர்ந்து மேடையேறியபோது இரண்டாவதாகப் பாடியது இந்தப் பாட்டைத்தான். சரணம் லியமுக்கு, பல்லவி நோயலுக்கு, 1995-ல் இருந்தபடியே. உடன்பிறந்தோர் ராக் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ‘வொண்டர்வாலை’ விட்டுவிட்டு இதிலிருந்து தொடங்கலாம்.